பெயரை மறைத்துவிட்டுத் தேடிப் பாருங்கள்

ஒரு தேடுபொறி இன்னொன்றைவிடச் சிறந்தது என்று சொல்ல வேண்டுமானால் மூன்று விவரங்கள் தெரிந்திருக்க வேண்டும். என்ன கேட்கப்பட்டது? வந்த முடிவுகளுக்கு மதிப்பெண் போட்டவர் யார்? அந்த முடிவுகள் எந்த நிறுவனத்துடையவை என்று அவருக்குத் தெரியுமா? இவற்றில் ஒன்று விடுபட்டாலும் மிஞ்சுவது அபிப்பிராயம்தான். ‘கூகுள்தான் பெஸ்ட்’ என்பதும் ‘கூகுள் முன்பு போல இல்லை’ என்பதும் பெரும்பாலும் இந்த வகையில் சேர்ந்தவையே.

இந்த ஒப்பீட்டு முறையின் வேர் இணையத்துக்கு முந்தையது. இங்கிலாந்தில் கிரான்ஃபீல்டு என்ற இடத்தில் இருந்த வானூர்திக் கல்லூரியின் நூலகர் சிரில் கிளெவர்டன். ஆய்வுக் கட்டுரைகளை எப்படி வகைப்படுத்தி வைத்தால் தேடுபவருக்குச் சரியானது கிடைக்கும் என்பதில் நூலகர்களுக்குள் அன்று பெரிய வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. வாதம் எதற்கு, சோதித்துப் பார்த்துவிடலாம் என்று இறங்கினார் கிளெவர்டன். 1960களில் நடந்த அவருடைய இரண்டாவது பரிசோதனைக்கு 1,400 கட்டுரைகளும் இருநூறுக்கு மேற்பட்ட கேள்விகளும் சேர்க்கப்பட்டன. கேள்விகளை அவர் தாமே உட்கார்ந்து எழுதவில்லை. கட்டுரை எழுதிய ஆய்வாளர்களிடமே, ‘எந்தக் கேள்விக்கு விடை தேடி இந்த ஆய்வில் இறங்கினீர்கள்?’ என்று கேட்டு வாங்கினார். எந்தக் கேள்விக்கு எந்தக் கட்டுரை பொருந்தும் என்பதும் முன்கூட்டியே குறித்து வைக்கப்பட்டது. அதன் பிறகு ஒவ்வொரு தேடல் முறையையும் அதே கேள்விகளால் சோதித்தால் போதும்.

வந்த முடிவு பலருக்குக் கசந்தது. நிபுணர்கள் பாடுபட்டு உருவாக்கிய நுணுக்கமான வகைப்பாடுகளைவிட, கட்டுரையில் உள்ள சாதாரணச் சொற்களைக் கொண்டு தேடுவது குறைந்துபோகவில்லை. பல இடங்களில் மேலாகவே இருந்தது. இன்றைய தேடுபொறி எதுவும் அந்தப் பாதையில் வந்ததுதான்.

கிரான்ஃபீல்டு நிலைநிறுத்திய இரண்டு அளவுகோல்கள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. ஒன்று துல்லியம்: வந்தவற்றில் எத்தனை பொருத்தமானவை? மற்றது முழுமை: பொருத்தமானவை எத்தனை இருந்தனவோ, அவற்றில் எத்தனை வந்து சேர்ந்தன? ஒன்றை ஏற்றினால் மற்றது இறங்குவது வழக்கம். எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டினால் முழுமை கிடைக்கும், துல்லியம் போய்விடும். அமெரிக்காவின் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட் 1992இல் தொடங்கிய ‘ட்ரெக்’ மாநாடு இதே முறையை ஏறத்தாழ இரண்டு ஜிகாபைட் செய்தி, ஆவணத் தொகுப்புக்கு விரித்தது. அத்தனையையும் மனிதர்கள் படித்து மதிப்பிட முடியாது. ஆகவே போட்டியிடும் ஒவ்வொரு முறையும் மேலே கொடுக்கும் ஆவணங்களை ஒன்றாகச் சேர்த்து, அவற்றை மட்டும் படித்து மதிப்பெண் போட்டார்கள்.

இணையத்தில் முழுமையை அளக்க வழியில்லை. மொத்தம் எத்தனை பக்கங்கள் இருக்கின்றன என்பதே யாருக்கும் தெரியாது. ஸ்டீவ் லாரன்ஸ், லீ கைல்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1999இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள். எவரும் அணுகக்கூடிய பக்கங்கள் சுமார் 80 கோடி. எந்தத் தேடுபொறியும் அதில் 16 சதவீதத்துக்கு மேல் தன் அட்டவணையில் வைத்திருக்கவில்லை. இதன் பிறகு யாருடைய அட்டவணை பெரியது என்ற போட்டி சூடு பிடித்தது. கூகுள் தன் முகப்பிலேயே பக்கங்களின் எண்ணிக்கையைப் போட்டு வந்தது. 2005இல் யாஹூ அதைத் தாண்டிவிட்டதாக அறிவித்த சில வாரங்களில் அந்த எண் முகப்பிலிருந்து காணாமல் போனது.

அளவே தரமாகிவிடாது என்பதற்குக் ‘கூல்’ என்ற தேடுபொறியே சாட்சி. கூகுளில் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து தொடங்கியது. 12,000 கோடி பக்கங்கள் தன்னிடம் உள்ளன என்ற முழக்கத்துடன் 2008 ஜூலையில் வந்தது. முதல் நாளே திணறியது. முடிவுகளுக்குப் பக்கத்தில் சம்பந்தமில்லாத ஆட்களின் படங்கள் வந்து நின்றன. இரண்டே ஆண்டில் மூடப்பட்டது.

தேடுபவர் பத்தாவது முடிவு வரைக்கும் போவதே அரிது. எனவே எத்தனை கிடைத்தன என்பதைவிட எந்த வரிசையில் கிடைத்தன என்பதே முக்கியம். பின்லாந்து ஆய்வாளர்கள் யார்வெலினும் கெகலைனனும் வகுத்த அளவுகோல் இதைக் கணக்கில் கொள்கிறது. நல்ல பக்கம் முதலிடத்தில் வந்தால் முழு மதிப்பெண். அதே பக்கம் மூன்றாம் இடத்தில் வந்தால் பாதி. ஏழாம் இடத்தில் மூன்றில் ஒரு பங்கு. தேடல் ஆராய்ச்சியில் இன்றும் பரவலாக எடுத்தாளப்படுவது இந்தக் கணக்குதான்.

நடைமுறையில் மதிப்பெண் போடுவது எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். ஒருவர் ‘பட்டா மாறுதல்’ என்று தட்டுகிறார். நேரே விண்ணப்பிக்க உதவும் அரசு நிலப்பதிவேட்டுத் தளத்துக்கு மிக உயர்ந்த மதிப்பெண். தேவையான ஆவணங்களைச் சரியாகச் சொல்லும் செய்தித்தாள் கட்டுரைக்கு நடுத்தரம். ஐந்து ஆண்டுக்கு முந்தைய கட்டண விவரத்துடன், நாலு விளம்பரத்துக்கு நடுவே அரைப் பக்கம் எழுதிய தளத்துக்குக் குறைவு. இதுவரை சிக்கல் இல்லை. ஆனால் அவர் விண்ணப்பிக்க வந்தவரா, ஏற்கெனவே போட்ட மனு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வந்தவரா, பட்டா மாறுதல் என்றால் என்னவென்று தெரிந்துகொள்ள வந்தவரா? இரண்டே சொற்களிலிருந்து மதிப்பிடுபவர் இதை ஊகிக்கத்தான் வேண்டும். ஊகம் மாறினால் மதிப்பெண்ணும் மாறும்.

நிறுவனங்களுக்குள்ளும் இதே வேலைதான் நடக்கிறது. கூகுளுக்காக உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான மதிப்பீட்டாளர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கான வழிகாட்டிக் கையேடு 2015இல் முழுமையாக வெளியிடப்பட்டது. நூற்றைம்பது பக்கத்துக்கு மேல் போகும் அந்தக் கையேட்டில் உடல்நலம், பணம் போன்ற விஷயங்களைச் சொல்லும் பக்கங்களுக்கு அளவுகோல் கடுமையானது. எழுதியவரின் தகுதியும் தளத்தின் நம்பகத்தன்மையும் பார்க்கப்படும். தேடுபொறி எதைத் தரம் என்று கருதுகிறது என்பதை அறிய விரும்புபவர்கள் விளம்பரங்களை விட்டுவிட்டு இதைப் படிக்கலாம்.

தேடல்கள் எல்லாம் ஒரே ரகம் அல்ல என்பதை ஆண்ட்ரெய் பிரோடர் 2002இல் தெளிவாக வகுத்துக் காட்டினார். குறிப்பிட்ட ஒரு தளத்துக்குப் போக வழி கேட்பது ஒன்று. தகவல் கேட்பது ஒன்று. வாங்குவது, பதிவிறக்குவது போன்ற காரியத்துக்காகத் தேடுவது மற்றொன்று. ஒப்பீடுகளில் இந்தப் பிரிவினை எவ்வளவு முக்கியம் என்பது ஹாம்பர்க்கைச் சேர்ந்த டிர்க் லெவாண்டோவ்ஸ்கி 2015இல் வெளியிட்ட ஆய்வில் தெரிகிறது. ஜெர்மன் மக்கள் உண்மையில் தட்டிய தேடல்களிலிருந்து வழி கேட்பவை ஆயிரம், தகவல் கேட்பவை ஆயிரம் எடுத்துக் கூகுளையும் பிங்கையும் சோதித்தார். வழி கேட்டபோது கூகுள் 95.3 சதவீதம் சரியான தளத்தைக் கொடுத்தது, பிங் 76.6 சதவீதம். தகவல் கேட்டபோதோ வித்தியாசம் கொஞ்சம்தான். ‘பிங்கில் ஒன்றும் கிடைக்காது’ என்ற பேச்சு இப்படித்தான் வேரூன்றியிருக்கும். தினமும் போகும் தளத்தைக் காட்டத் தவறினால் எவருக்கும் எரிச்சல் வரும்; அந்த எரிச்சல் மற்ற எல்லாத் தேடல்மீதும் படியும்.

மனித மனத்தின் பழக்கம் அடுத்த தடை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் தோர்ஸ்டன் யோவாகிம்ஸ் குழுவினர், தேடுபவர்களின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பதிவு செய்தார்கள். கூகுள் கொடுத்த முதல் இரண்டு முடிவுகளையும் அவர்களுக்குத் தெரியாமல் இடம் மாற்றினார்கள். அப்போதும் மேலே இருந்ததைத்தான் அதிகம் பேர் சொடுக்கினார்கள். சொடுக்கு எண்ணிக்கையைத் தரத்தின் அடையாளமாக அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பது இதிலிருந்து உறுதியானது. இதற்கு மாற்றாக யோவாகிம்ஸ் முன்வைத்த முறை எளிமையானது: இரண்டு பொறிகளின் முடிவுகளையும் ஒரே பட்டியலாகக் கலந்து கொடுத்து, எதிலிருந்து வந்தவற்றை மக்கள் அதிகம் எடுக்கிறார்கள் என்று எண்ணுவது.

பெயர் தெரிந்தாலே தீர்ப்பு சாய்ந்துவிடும் என்பதால் பெயரை மறைத்து நடத்தும் சோதனைகள் வந்தன. அவற்றில் பிரபலமானது மைக்ரோசாஃப்ட் 2012இல் நடத்திய ‘பிங் இட் ஆன்’. இரண்டு பட்டியல்கள் பெயரில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் வரும். பிடித்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மக்கள் பிங்கைத் தேர்ந்தெடுத்ததாக விளம்பரம் செய்தார்கள். யேல் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் இயன் அய்ர்ஸ் அதே தளத்தில் சுமார் ஆயிரம் பேரை வைத்து அடுத்த ஆண்டு சோதித்தபோது கூகுளுக்கு 53 சதவீதம், பிங்குக்கு 41 சதவீதம் கிடைத்தது. தளமே பரிந்துரைத்த சொற்களைத் தேடியபோது இரண்டும் ஏறக்குறைய சமம். மக்கள் தாங்களாக யோசித்த சொற்களைத் தேடியபோது கூகுள் முந்தியது. கேள்வித்தாளைத் தயாரிப்பவர் கையில் பாதித் தீர்ப்பு இருக்கிறது. அப்படியிருந்தும் 41 சதவீதம் என்பது சின்ன எண்ணிக்கை அல்ல; சந்தையில் பிங்குக்கு இருக்கும் பங்கு இதன் பக்கத்தில்கூட வராது.

ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டு ஒரே சரக்கை இருமுறை பார்ப்பதும் உண்டு. டக்டக்கோவின் வழக்கமான இணைப்புகள் பெரும்பாலும் பிங்கிலிருந்து வருபவை, யாஹூவும் அப்படியே. ஸ்டார்ட்பேஜ் நீண்ட காலமாகக் கூகுளின் முடிவுகளைக் காட்டி வந்தது. 2024 மே 23 அன்று பிங் சில மணி நேரம் முடங்கியபோது டக்டக்கோவும் எக்கோசியாவும் சேர்ந்து படுத்தன. சொந்தமாக இணையத்தைத் துழாவி அட்டவணை வைத்திருப்பவை உலகில் சிலவே: கூகுள், பிங், ரஷ்யாவின் யாண்டெக்ஸ், சீனாவின் பைடு, சிறியவற்றில் பிரேவ், மோஜீக் போன்றவை.

சொந்த அட்டவணை இருந்தாலும் அடுத்த வீட்டைப் பார்க்காமல் இருப்பார்களா என்ற சந்தேகம் 2011இல் கிளம்பியது. அர்த்தமே இல்லாத எழுத்துக் கோவைகள் சுமார் நூற்றை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் சம்பந்தமில்லாத ஒரு பக்கத்தைத் தன் முடிவில் முதலிடத்தில் ஒட்டி வைத்தது கூகுள். பொறியாளர்கள் மைக்ரோசாஃப்டின் உலாவியில் அவற்றைத் தேடிச் சொடுக்கினார்கள். சில வாரங்களில் ஏழெட்டுக் கோவைகளுக்கு அதே பொருந்தாப் பக்கங்கள் பிங்கிலும் முளைத்தன. திருட்டு என்றது கூகுள். பயனர்களின் சொடுக்குகளிலிருந்து கற்றுக்கொள்வது பல வழிகளில் ஒன்று என்றது பிங். நூற்றில் ஏழெட்டு என்பதால் முழுப் பிரதி என்ற குற்றச்சாட்டு நிற்காது. தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது.

‘கூகுள் கெட்டுவிட்டது’ என்ற அண்மைக்காலப் புகாரும் அளந்து பார்க்கப்பட்டது. லைப்சிக், வைமார் ஆய்வாளர்கள் 7,392 பொருள் விமர்சனத் தேடல்களை ஓராண்டு காலம் கூகுள், பிங், டக்டக்கோ மூன்றிலும் தொடர்ந்து பார்த்து 2024இல் வெளியிட்டார்கள். மேலே வரும் பக்கங்களில் விற்பனைக் கமிஷன் இணைப்புகள் மிகுதி. அவற்றில் எழுத்தின் தரம் குறைவு. மூன்று பொறிகளுக்குமே இந்தத் தொல்லை உண்டு. ஆய்வு நடந்தது பொருள் விமர்சனங்களை மட்டும் வைத்து என்பதை மறந்துவிட்டு, தேடலே செத்துவிட்டது என்று தலைப்பிட்டவர்களும் இருந்தார்கள். தரம் குறைந்தால் மக்கள் வேறு இடம் போவார்கள் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் பலமாக இல்லை. தரத்தைக் கணிசமாகக் குறைத்தாலும் தேடல் வருமானம் போகாது என்று கூகுளே 2020இல் நடத்திய ஓர் ஆய்வு காட்டியதாக, அந்த நிறுவனத்தின் ஏகபோகம் குறித்த வழக்கில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் எழுதிய தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது.

தமிழில் தேடும்போது இந்த அளவுகோல்கள் அனைத்தும் இன்னும் ஒரு சுற்று கடினமாகின்றன. ‘கிணறு’ என்று தேடுபவருக்குக் ‘கிணற்றில்’, ‘கிணற்றுக்கு’ என்று எழுதிய பக்கங்களும் வேண்டும். வேற்றுமை ஏறியதும் சொல்லின் உடம்பே மாறிவிடுவதால், எழுத்துக்கு எழுத்து பொருத்தும் பொறி இங்கே தோற்கும். பாமினி, டிஸ்கி, டாப் போன்ற பழைய குறியாக்கங்களில் கிடக்கும் பக்கங்கள் யூனிகோடில் தட்டுபவரின் கண்ணில் படுவதில்லை. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுபவர்கள் ஒரே சொல்லை நாலு விதமாக எழுதுகிறார்கள். ஆங்கிலத் தேடலில் வாங்கிய மதிப்பெண்ணை வைத்து ஒரு பொறி தமிழிலும் நல்லது என்று முடிவு கட்ட முடியாது; ஜெர்மன் ஆய்வின் எண்களையும் இங்கே அப்படியே கொண்டுவர முடியாது.

இந்திய மொழிகளுக்கு ட்ரெக் பாணியில் 2008இல் தொடங்கப்பட்ட ‘ஃபயர்’ மாநாடு ஒரு வழி காட்டியிருக்கிறது. தமிழ்த் துறையும் கணினித் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கும் பல்கலைக்கழகங்கள் நம்மிடம் பல உண்டு. விவசாயி, மாணவர், மனு போட வந்தவர் என்று பலரிடமிருந்து அவர்கள் உண்மையில் தட்டும் சில நூறு தமிழ்த் தேடல்களைத் திரட்டி, பெயர் மறைத்த முடிவுகளுக்கு இரண்டு மூன்று பேரைக்கொண்டு மதிப்பெண் போட்டு, ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். கிளெவர்டன் 1,400 கட்டுரைகளோடு செய்த வேலை அது. இதற்குப் பெரிய பணமும் தேவைப்படாது. ஏதாவது ஒரு துறை முன்வந்து தொடங்கட்டும்.