உடலுக்குள்ளும் ஒரு நடை திறப்பு

சுசீந்திரம் தாணுமாலயன் சன்னதியில் விடியுமுன் நடை திறக்கிறது. உச்சிப் பூஜைக்குப் பின் சாத்தி, மாலையில் மீண்டும் திறந்து, இரவில் நடை அடைக்கப்படுகிறது. அடைத்த பின்னரும் இந்திரன் வந்து அர்த்தஜாம பூஜை செய்வதாக ஐதீகம். இதை ஒத்ததோர் ஒழுங்கு மனித உடலின் உயிரணுக்களிலும் நிகழ்கிறது.

பழ ஈக்களில் 'பீரியட்' என்னும் மரபணு 1984-ஆம் ஆண்டில் பிரித்தெடுக்கப்பட்டது. அம்மரபணுவின் ஆணைப்படி உருவாகும் புரதம் இரவில் பெருகி, உயிரணுவின் உட்கருவினுள் நுழைந்து, தன்னைப் பிறப்பித்த மரபணுவின் நடையையே அடைத்துவிடுகிறது. பின்னர் அப்புரதம் சிதைந்து குறைய, நடை மீண்டும் திறக்கிறது. இச்சுற்று முடிய ஏறக்குறைய 24 மணி நேரம் ஆகிறது. இதனை விளக்கிய ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய அமெரிக்க அறிஞர் மூவரும் 2017-இல் நோபல் பரிசு பெற்றனர். மனிதரிடமும் இத்தகைய மரபணுக்கள் உண்டு. உறக்கம், பசி, உடல் வெப்பம், இரத்த அழுத்தம் ஆகியவற்றின் ஏற்ற இறக்கத்தில் அவற்றுக்குப் பங்குண்டு.

மூளையின் அடிப்பகுதியில் உள்ள சுமார் 20,000 நரம்பணுக்களின் திரளே தலைமைக் கடிகாரம். கண்வழி வரும் பகலொளியே அதனை நாள்தோறும் திருத்தி வைக்கிறது.

ஒளி புகாத இடத்தில் என்ன நிகழும்? மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரனும் அவர்தம் குழுவினரும் இருண்ட குகையில் வௌவால்களை அடைத்து வைத்து ஆராய்ந்தனர். குகையில் தன்னிச்சையாக வாழும் கூட்டத்தோடு இருந்தவரை, அடைபட்ட வௌவால் வெளியே அந்தி சாயும் வேளையை அறிந்து விழித்தது. தனித்து விடப்பட்டபோது அதன் நேரம் நாளுக்கு நாள் விலகிச் சென்றது. இம்முடிவு 1981-இல் வெளியாயிற்று.

முதுமையில் இக்கடிகாரத்தின் வலிமை குறைகிறது. கண்வில்லை மங்குவதால் உட்புகும் ஒளியும் குறைகிறது. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, சாளரம் அடைத்த அறையில் தொலைக்காட்சி முன் பொழுதைக் கழிக்கும் முதியோர் பகலில் கண்ணயர்ந்து, இரவில் விழித்துக் கிடப்பது இதனாலும் நேரலாம். பகலில் வெளிச்சமும், இரவில் இருளும், குறித்த வேளையில் உணவும் அவர்களுக்கு மருந்தனையவை. மாலை மங்குமுன்பே உறங்கிப் பின்னிரவில் விழிப்போர், வெயில் தாழ்ந்த வேளையில் தெப்பக்குளக் கரையில் நடந்து, மாலைத் தீபாராதனை கண்டு திரும்புதல் நன்று. உட்கொள்ளும் மருந்தையோ, அதன் நேரத்தையோ மருத்துவரைக் கேளாமல் மாற்றலாகாது.

சன்னதிக்குச் செல்லும் முதியவருக்குத் தரிசனத்தோடு பகலொளியும் நாலு பேர் துணையும் கிடைக்கின்றன. வீட்டில் தனித்திருக்கும் மூத்தோரைக் கைப்பிடித்து உடன் அழைத்துச் செல்வதும் இறைத்தொண்டே.