கப்பலா, பஸ்ஸா? விலையைப் பார்க்கும் முன் வீட்டில் யாரெல்லாம் வரமுடியும் என்று பாருங்கள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு படங்கள் வந்து விழும். ஒன்றில் நீச்சல் குளம் வைத்த பெரிய சொகுசுக் கப்பல். இன்னொன்றில் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம். "எது மலிவு?" என்று உடனே ஒருவர் கேட்பார். நீங்கள் சிரம்பானில் வேலை செய்துகொண்டு, தாத்தா பாட்டி இன்னும் சிலியாவ், லாபு, பகாவ் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் குடும்பம் என்றால், அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். யாரெல்லாம் வரமுடியும் என்பதை முதலில் பாருங்கள்.

ஏனென்றால் கப்பலுக்குக் கடப்பிதழ் வேண்டும். சிங்கப்பூரிலிருந்து புறப்படும் ஜென்டிங் டிரீம் போன்ற கப்பல்கள் கிள்ளான் துறைமுகத்துக்கும் வந்து போகின்றன. பூலாவ் இண்டா முனையத்தில் ஏறினாலும் குடிநுழைவுச் சோதனை உண்டு, கடப்பிதழ் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்கவேண்டும். புதிதாக எடுக்க ஐந்து ஆண்டுக்கு 200 வெள்ளி. 60 வயதைக் கடந்தவர்களுக்கும் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும் 100 வெள்ளி. ஆறு பேர் குடும்பத்தில் யாரிடமும் கடப்பிதழ் இல்லை என்றால், டிக்கெட் வாங்கும் முன்பே ஒரு தொகை போய்விடும்.

பணத்தைக்கூடச் சமாளிக்கலாம். தோட்டத்தில் பிறந்து, பிறப்புப் பத்திரம் ஒழுங்காக எடுக்கப்படாமல், வயதான பிறகும் சிவப்பு அடையாள அட்டையோடு இருப்பவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. அவர்கள் நிரந்தரவாசிகள், குடிமக்கள் அல்ல. மலேசியக் கடப்பிதழ் குடிமக்களுக்குத்தான். இதை முன்பணம் கட்டிய பிறகு கண்டுபிடித்தால், "நீங்க போயிட்டு வாங்கய்யா, நான் வீட்டைப் பார்த்துக்கிறேன்" என்று பாட்டி சொல்லிவிடுவார். அவர் வருத்தப்பட்டாரா என்று யாரும் கேட்கமாட்டோம். அதனால் பேச்சைத் தொடங்கும் அன்றே எல்லாருடைய அட்டையின் நிறத்தையும் பாருங்கள்.

அடுத்தது உடல்நிலை. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்பவரை வழக்கமான கப்பல் பயணத்துக்கு அழைத்துப் போகமுடியாது. தரைவழி என்றால் ஈப்போவிலோ பினாங்கிலோ ஒரு மையத்தில் முன்கூட்டியே இடம் கேட்டு வைக்கலாம். பெரும்பாலான கப்பல்கள் 24 வாரத்தைத் தாண்டிய கர்ப்பிணிகளையும் ஆறு மாதம் நிரம்பாத குழந்தைகளையும் ஏற்றாது. கப்பலில் மருத்துவர் இருப்பார், ஆனால் பில் தனியார் கட்டணத்தில் வரும்.

பாட்டி ஏன் முகம் சுளிக்கிறார்?

நமக்குக் கப்பல் என்றால் பஃபே, இரவு நிகழ்ச்சி, செல்ஃபி. முந்தைய தலைமுறைக்கு அது எஸ்.எஸ். ரஜுலா. 1926-இல் கட்டப்பட்டு, சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று பல்லாண்டுகள் ஓடிய கப்பல் அது. பெரும்பாலானோர் டெக்கில்தான் வந்தார்கள். பாய் விரித்த இடம்தான் அறை. வாந்தி, உப்புக் காற்று, இறங்கியதும் தனிமைப்படுத்தும் முகாம். பிறகு ஓடிய எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அதோடு அந்தப் பயணிகள் சேவையும் முடிந்துபோனது. ஆகவே "கடல் வேணாம்பா" என்று ஒரு பாட்டி சொன்னால் அதைப் பிடிவாதம் என்று நினைக்கவேண்டாம். வீட்டில் கேட்டு வளர்ந்த கதை அது. இன்றைய கப்பலின் காணொளியைக் காட்டிப் பேசிப் பாருங்கள். சிலர் மனம் மாறுவார்கள்.

மாறினால் கப்பல் அவர்களுக்கு வசதிதான், அதையும் சொல்லவேண்டும். மூட்டுவலிக்காரருக்குத் தினமும் பெட்டி கட்டி ஹோட்டல் மாற்றும் தொல்லை இல்லை. லிஃப்ட் உண்டு, சாப்பாடு பக்கத்திலேயே. மலாக்கா நீரிணை பொதுவாக அலை குறைந்த கடல். கேமரனுக்குத் தாப்பா வழியாக ஏறும் சாலையின் வளைவுகளைவிடக் கப்பலில் தலைசுற்றல் குறைவாகவே இருக்கலாம்!

விலைக்கு வருவோம். விளம்பரத்தில் பளிச்சென்று போட்டிருப்பது பெரும்பாலும் ஓர் அறையில் இருவர் தங்கினால் ஒருவருக்கான கட்டணம். துறைமுகக் கட்டணம், பணியாளர் டிப்ஸ், விடுமுறைக்கால மேல்கட்டணம், வைஃபை, கரையில் இறங்கிச் சுற்றும் செலவு எல்லாம் தனியாக வரலாம். கெசினோ வேறு இருக்கிறது. அது எந்தப் பட்டியலிலும் வராது, சித்தப்பாவுக்கு மட்டும் தெரியும். "எல்லாம் சேர்த்து இறுதித் தொகை எவ்வளவு?" என்று எழுத்தில் கேளுங்கள். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. அந்தச் சம்பளத்தில் பால் வெட்டும் அல்லது செம்பனை அறுக்கும் வீட்டுக்கு இந்த வித்தியாசம் பெரிது.

லீவையும் எண்ணுங்கள். வேலைச் சட்டப்படி ஈராண்டுக்குக் குறைவாகப் பணிபுரிந்தவருக்கு ஆண்டுக்கு 8 நாள்தான் விடுப்பு. ஐந்தாண்டைத் தாண்டினால் 16. வார நடுவில் புறப்படும் மூன்று இரவுக் கப்பல் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். தரைவழி என்றால் சனி, ஞாயிறோடு ஒரு நாள் சேர்த்தால் போதும்.

மூன்று தலைமுறையும் சேர்ந்து போவதாக இருந்தால் என் கை தரைவழிப் பக்கம்தான் சாயும். ஆனால் நாளுக்கு ஓர் ஊர் என்று ஓடவேண்டாம். சிரம்பானில் இ.டி.எஸ். ரயில் ஏறி பட்டர்வொர்த்தில் இறங்குங்கள், ஃபெர்ரியில் ஜார்ஜ்டவுன் போங்கள், ஒரே இடத்தில் மூன்று இரவு தங்குங்கள். பாட்டிக்குக் கடலும் கிடைக்கும், அதுவும் ஒரு தேநீர் நேரத்துக்கு மட்டும். ஆள் அதிகம் என்றால், பங்குனி உத்திரத்துக்கு மாரான் போகத் தோட்டத்தில் பஸ் பேசுவோமே, அதே மாதிரி பேசிக்கொள்ளலாம். வருட இறுதியில் மட்டும் ரெடாங், பெர்ஹெந்தியான் பக்கம் வேண்டாம். பருவமழையில் அங்கே பல தங்குமிடங்கள் மூடியிருக்கும். கடப்பிதழ் கையில் உள்ள நான்கு நண்பர்கள் என்றால் கதை வேறு, தாராளமாகக் கப்பல் ஏறுங்கள்.

எதுவானாலும், முகவரிடம் சுற்றுலா அமைச்சின் உரிம எண்ணைக் கேளுங்கள். 1992-ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டப்படி அது கட்டாயம். தனிநபர் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் நிறுத்திவிடுங்கள். ரசீது, விளம்பரப் படம், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். ஏமாற்றப்பட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை.