‘எவ்வளவுக்கு வேணும் கண்ணு?’ - கொல்லிமலை சந்தையில நான் கத்துக்கிட்ட பட்ஜெட்



பெங்களூருல வேலை பார்த்தவங்களுக்கு சர்ச் ஸ்ட்ரீட்டைத் தெரியாம இருக்காது. எம்.ஜி. ரோட்டை ஒட்டி, பிரிகேட் ரோட்டுல போய் முடியுற தெரு. பப், கஃபே, புத்தகக் கடைன்னு வெள்ளிக்கிழமை ராத்திரி கால் வைக்க இடம் இருக்காது.

முதல் வேலையில இருந்தப்போ வாராவாரம் அங்கேதான் இருப்பேன். சாப்பாட்டுக்கு 1,200, அப்படியே நடந்து போய் ஷூவுக்கு 2,500. எல்லாம் கிரெடிட் கார்டு. ஒரு மாசம் பில் 40,000 ரூபாய் வந்துச்சு. கையில அவ்வளவு இல்ல. ‘மினிமம் டியூ’ 2,000 மட்டும் கட்டிட்டு நிம்மதியா தூங்கிட்டேன். இத்தனைக்கும் நான் சிஏ!

கணக்கைப் பாருங்க. மீதி 38,000. மாச வட்டி 3.5% வீதம் 1,330. அதுக்கு 18% ஜிஎஸ்டி சுமார் 239. மொத்தம் 1,569. அடுத்த மாசமும் 2,000 கட்டினா, கடன் குறையுறது வெறும் 431 ரூபாய்! அதோட, பாக்கி இருக்கிற வரைக்கும் புதுசா வாங்குற பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. வாங்கின தேதியிலிருந்தே வட்டி ஓடும்.

அந்தச் சமயத்துலதான் நண்பர்களோட கொல்லிமலை போனேன். 70 கொண்டை ஊசி வளைவு ஏறி முடிச்சா சோளக்காடு. மொபைல்ல சிக்னல் இல்ல, பர்ஸ்ல 2,000 ரூபாய்தான். சந்தையில பலாப்பழம், அன்னாசி, மலை வாழைத்தார், மிளகுன்னு குவிச்சு வெச்சிருந்தாங்க. சர்ச் ஸ்ட்ரீட்டுக்குக் குறையாத கூட்டம், சத்தம்.

மிளகு வித்த பாட்டி கேட்டாங்க: “எவ்வளவுக்கு வேணும் கண்ணு?”

பர்ஸைத் திறந்து எண்ணிப் பார்த்துட்டு, “200 ரூபாய்க்குக் குடுங்க பாட்டி”ன்னேன். முதல்ல தொகை, அப்புறம்தான் பொருள். ஒன்றரை வருஷமா சர்ச் ஸ்ட்ரீட்டுல இந்தக் கேள்வியை யாரும் என்கிட்ட கேட்கல. நானும் என்னைக் கேட்டுக்கல.

திரும்பி வந்ததும் செஞ்சது இவ்வளவுதான்:

1. பழைய பாக்கி தீரும்வரை கார்டைத் தொடல. நாலு மாசத்துல அடைச்சேன்.

2. சம்பள நாளன்னிக்கே 5,000 ரூபாயைத் தனி அக்கவுண்டுக்கு மாத்தினேன். வெளியே செலவு பண்றது அதுலேருந்து மட்டும்.

3. ஆட்டோ-பேயில ‘மினிமம் டியூ’வை எடுத்துட்டு ‘டோட்டல் டியூ’ன்னு மாத்தினேன்.

மலைக்குப் போறவங்களுக்கு ஒண்ணு: கீழேயே டெபிட் கார்டுல பணம் எடுத்துட்டு ஏறுங்க. கிரெடிட் கார்டுல ஏடிஎம்ல எடுத்தா தனிக் கட்டணம், முதல் நாளிலிருந்தே வட்டி.

வெளியே போகாதீங்கன்னு சொல்லல. சம்பாதிக்கிறோம், சந்தோஷமா போயிட்டு வாங்க. கிளம்புறதுக்கு முன்னாடி “இன்னிக்கு எவ்வளவுக்கு?”ன்னு ஒரு தடவை கேட்டுக்குங்க. இப்போ உங்க கார்டு ஆப்பைத் திறந்து, ஆட்டோ-பே எதுல இருக்குன்னு பார்த்துடுங்க.