ஒரு தாயைக்கூட வெளியே விடாத நாடு



தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் அன்னை தெரேசாவின் படத்தை எத்தனையோ கத்தோலிக்க வீடுகளில் பார்க்கலாம். நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலையைப் பார்த்தாலே சிறு பிள்ளைகள்கூட அவர் பெயரைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த அன்னைக்கும் ஓர் அம்மா இருந்தார் என்பதும், சாகும் முன் தம் மகளை ஒருமுறை பார்க்க வேண்டும் என்ற அவருடைய ஆசை நிறைவேறவில்லை என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது. அந்த ஆசைக்குக் குறுக்கே நின்றது ஒரு தனிமனிதனின் ஆட்சி.

அன்னை தெரேசா 1910 ஆகஸ்டு 26 அன்று ஸ்கோப்யே நகரில் ஓர் அல்பேனியக் குடும்பத்தில் பிறந்தார். 1928-இல், 18 வயதில், துறவறம் தேடி வீட்டை விட்டுப் புறப்பட்டார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் இந்தியா வந்து சேர்ந்தார். அவருடைய தாய் திரானேயும் அக்கா ஆகேயும் பிறகு அல்பேனியாவின் தலைநகரான டிரானாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அந்த நாட்டின் கதவுகள் உள்ளிருந்தே பூட்டப்பட்டன.

பூட்டியவர் பெயர் என்வர் ஹோஜா. 1944 நவம்பரில் ஆட்சியைப் பிடித்த இந்தக் கம்யூனிஸ்ட் தலைவர், 1985 ஏப்ரல் 11 அன்று சாகும்வரை நாற்பது ஆண்டுகள் அதை விடவில்லை.

<b>ஒருவர் எப்படி ஒரு நாட்டையே அடக்கினார்?</b>

முதல் ஆயுதம் பயம். 'சிகுரிமி' என்ற இரகசியப் போலீஸ் எங்கும் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர், உடன் வேலை செய்பவர், ஏன், சொந்த உறவினரே காட்டிக்கொடுக்கலாம் என்ற நிலை. ஒருவர் குற்றவாளி என்றால் அவர் மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோர் மீதும் கறை விழுந்தது. குடும்பம் குடும்பமாக ஒதுக்குப்புறக் கிராமங்களுக்கு நாடு கடத்தினார்கள்.

இரண்டாவது ஆயுதம் எதிரி. ஹோஜா முதலில் யூகோஸ்லாவியாவோடும், பிறகு சோவியத் யூனியனோடும், கடைசியில் சீனாவோடும் உறவை முறித்துக்கொண்டார். எல்லாரும் நம்மைத் தாக்க வருகிறார்கள் என்று சொல்லி, அந்தச் சிறிய ஏழை நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கான்கிரீட் பதுங்குகுழிகளைக் கட்டவைத்தார். நண்பர்களும் தப்பவில்லை. நீண்டகாலம் பிரதமராக இருந்த மெஹ்மத் ஷேஹு 1981 டிசம்பரில் இறந்தார்; தற்கொலை என்று அரசு அறிவித்தது. அதன்பின் அவர் அந்நிய உளவாளி என்றார்கள். அவர் குடும்பத்தையே சிறையில் தள்ளினார்கள்.

மூன்றாவது ஆயுதம்தான் நம்பிக்கையாளர்களாகிய நாம் கூர்ந்து பார்க்க வேண்டியது. 1967-இல் நாட்டிலிருந்த ஆலயங்களும் மசூதிகளும் மூடப்பட்டன. 1976-இன் அரசியல் சட்டம், அரசு எந்த மதத்தையும் ஏற்காது என்றே எழுதிவைத்தது. பிள்ளைகளுக்கு வைக்கும் பெயரில்கூட மதச்சாயல் இருக்கக் கூடாது என்றார்கள். கடவுளின் இடம் காலியானதும் அங்கே யார் வந்து உட்கார்ந்தார்? பெராத் நகருக்கு அருகே ஷ்பிராக் மலைச்சரிவில் 'என்வர்' என்ற பெயரை ஒவ்வோர் எழுத்தும் சுமார் 100 மீட்டர் உயரத்தில் பெரும் கற்களால் பதித்தார்கள்! நம் பரங்கிமலையில் சிலுவை இருக்கும் இடத்தில் ஓர் அரசியல்வாதியின் பெயர் இருப்பதாக நினைத்துப் பாருங்கள்.

<b>அணையாத விளக்கு</b>

நம் பங்குகளில் பிள்ளைக்குத் திருமுழுக்கு என்றால் புதுத்துணி, போட்டோ, மதிய விருந்து. அல்பேனியாவிலோ ஒரு குழந்தைக்கு இரகசியமாகத் திருமுழுக்கு கொடுத்தார் என்பதற்காக அருட்தந்தை ஷ்டியேபன் குர்த்தி 1970களின் தொடக்கத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் உட்பட 38 மறைசாட்சிகளைத் திருச்சபை 2016 நவம்பர் 5 அன்று அருளாளர்களாக உயர்த்தியது.

அருட்தந்தை எர்னஸ்ட் சிமோனி 1963-இல் கிறிஸ்து பிறப்புத் திருவிழாத் திருப்பலி முடித்த கையோடு கைதானார். மரண தண்டனை பிறகு கடின உழைப்பாக மாற்றப்பட்டது; சுரங்கத்தில் பல ஆண்டுகள், பிறகு சாக்கடை வேலை. புத்தகம் இல்லை, பீடம் இல்லை; இலத்தீன் மொழியில் மனப்பாடமாகத் திருப்பலி நிறைவேற்றினார். 2014-இல் டிரானாவில் அவருடைய சாட்சியத்தைக் கேட்டுத் திருத்தந்தை பிரான்சிஸ் கண்கலங்கினார். 2016-இல் அவரைக் கர்தினாலாக்கினார்.

அன்னை தெரேசாவோ தம் தாயையும் அக்காவையும் வெளியே கொண்டுவர முயன்றார். அரசு அனுமதிக்கவில்லை. தாய் 1972-இலும் அக்கா 1973-இலும் இறந்தார்கள். 1989-இல்தான் அவரால் டிரானாவுக்குப் போக முடிந்தது. அப்போது பார்க்கக் கிடைத்தவை கல்லறைகள் மட்டுமே. அதே பயணத்தில் அவர் ஹோஜாவின் கல்லறையிலும் மலர் வைத்தார். இதைக் குறை சொன்னவர்கள் உண்டு. அந்த ஆட்சியில் அடிபட்டவர்களுக்கு வலித்திருக்கும் என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் பகைவருக்காகச் செபியுங்கள் என்ற ஆண்டவரின் கட்டளை எவ்வளவு கடினமானது என்பதை அந்தக் காட்சி எனக்கு உணர்த்துகிறது.

<b>நமக்கு என்ன?</b>

'அது எங்கோ ஒரு கம்யூனிஸ்ட் நாடு' என்று விட்டுவிட முடியாது. 'இந்திராவே இந்தியா' என்று ஒரு கட்சித் தலைவர் முழங்கிய காலம் நம் நாட்டிலும் இருந்தது. 1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரை நெருக்கடி நிலை. பத்திரிகைகளுக்குத் தணிக்கை, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குச் சிறை. சென்னை மத்திய சிறையில் தாக்கப்பட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். ஹோஜாவின் நாற்பது ஆண்டுகளும் நம் இருபத்தொரு மாதங்களும் ஒன்றல்ல. நம்மிடம் வாக்குச்சீட்டு மிஞ்சியிருந்தது; 1977 தேர்தலில் நாட்டு மக்கள் அந்த ஆட்சியை இறக்கினார்கள். எந்த நெருக்கடியிலும் உயிர்வாழும் உரிமையை நிறுத்திவைக்கக் கூடாது என்று 1978-இன் 44-ஆவது திருத்தம் வேலி போட்டது.

அரசன் வேண்டும் என்று அடம்பிடித்த இஸ்ரயேல் மக்களிடம், அவன் உங்கள் பிள்ளைகளையும் நிலத்தையும் எடுத்துக்கொள்வான் என்று சாமுவேல் எச்சரித்தார் (1 சாமு 8). அவர்கள் கேட்கவில்லை. தனிமனித ஆட்சி துப்பாக்கியோடு மட்டும் வருவதில்லை. 'அவர் பார்த்துக்கொள்வார், நமக்கென்ன' என்ற நம் சோம்பலின் தோளில் ஏறியும் வருகிறது. வானளாவிய கட்-அவுட், காலில் விழுதல், கேள்வி கேட்பவனைத் துரோகி என்பது – இவையெல்லாம் சின்னப் படிகள். கட்சிகளில் மட்டுமல்ல, தெரு நலச்சங்கத்திலும் வீட்டிலும், ஏன், பங்குப் பேரவையிலும் இந்தப் படிகள் உண்டு. பங்குத்தந்தையிடமும் கணக்குக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

1991 பிப்ரவரி 20 அன்று டிரானாவின் நடுவே நின்ற ஹோஜாவின் சிலையை மக்கள் கவிழ்த்தார்கள். அதற்கு முன்பே, 1990 நவம்பரில், ஷ்கோடர் நகரக் கல்லறைத் தோட்டத்தில் திறந்தவெளியில் திருப்பலி தொடங்கிவிட்டது. மனிதனைக் கடவுளாக்காத மனசாட்சியை நம் பிள்ளைகளுக்குச் சொத்தாகக் கொடுப்போம். இன்றும் தாயையும் பிள்ளையையும் பிரித்துவைக்கும் ஆட்சிகளின் கீழ் வாடுவோருக்காக இந்த வாரக் குடும்பச் செபத்தில் மன்றாடுவோம்.