மெஷின் கட்டத் தெரிந்தவருக்கு மதுரையில் வேலை

பழங்காநத்தம் தாண்டித் திருப்பரங்குன்றம் போகிற சாலையில் பைக்காரா என்றொரு பஸ் நிறுத்தம் உண்டு. நீலகிரி ஆற்றின் பெயர் வைகைக்கரை ஊருக்கு எப்படி வந்தது என்று அங்கே தினமும் இறங்குகிறவர்களில் பலர் யோசித்திருக்க மாட்டார்கள். 1932-ல் ஓடத் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் மதுரைக்கு வந்து இறங்கிய துணை மின்நிலையம் அங்கே இருந்தது. பெயரும் அந்த இடத்தோடு தங்கிவிட்டது. இந்த ஊரில் மெஷின் வேலை தேடியவர்களின் கதையை அந்த நிறுத்தத்தில் தொடங்குவதுதான் முறை. அந்த மின்சாரத்துக்கு முன் ஃபிட்டர் செய்த வேலை வேறு, பின் செய்த வேலை வேறு.

ஹார்வி சகோதரர்கள் 1892-ல் மதுரையில் நூற்பாலை தொடங்கினார்கள். மதுரா மில் என்று எழுதினாலும் ஊர் வாயில் அது ஹார்வி மில்தான். அந்தக் காலத்து ஆலையில் ஒரே பெரிய நீராவி எஞ்சின் இருக்கும். அதிலிருந்து கூரையோரம் நீளும் தண்டுகள், தண்டில் புல்லிகள், புல்லியிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் இறங்கும் தோல் பெல்ட்டுகள். தண்டு ஒரு இடத்தில் இம்மி விலகினால் பேரிங் சூடேறும், பெல்ட் கழன்று விழும், ஒரு வரிசையே நிற்கும். தூக்குக்குண்டும் ரசமட்டமும் நூல்கயிறும் வைத்து அந்தத் தண்டை நேர் பார்க்கத் தெரிந்தவருக்கு ஆலையில் தனி மரியாதை இருந்தது.

இந்திய ஆலைகளுக்கான மெஷின்கள் பெரும்பாலும் இங்கிலாந்தின் லங்காஷயரிலிருந்து, ஓல்டாம் ஊரின் பிளாட் பிரதர்ஸ் போன்ற கம்பெனிகளிலிருந்து, பாகம் பாகமாகக் கப்பலில் வந்தன. பெட்டியைப் பிரித்து, தரையை மட்டம் பார்த்து, சட்டத்தை நிறுத்தி, ஒவ்வொரு கதிரும் அதன் வளையத்துக்கு நட்டநடுவில் நிற்கும்படி அமைக்க வேண்டும். கதிர் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் நூல் அறும். அதைச் செய்தவர்களுக்கு ரசமட்டத்தைப் பிடிக்கப் போன உள்ளூர் ஆட்கள் பார்த்துப் பார்த்தே அந்த வேலையைக் கைவசப்படுத்திக்கொண்டார்கள். இந்த ஊரில் மெஷின் கட்டும் படிப்பு இப்படித்தான் தொடங்கியது என்று நான் நினைக்கிறேன்.

அப்போது வேலை கிடைத்த வழியும் அதுபோலத்தான், ஆளைத் தொட்டு ஆள். மாமாவோ சித்தப்பாவோ உள்ளே இருக்க வேண்டும். அவர் மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அப்படியும் முதலில் பதிலிதான். ஷிஃப்ட் சங்கு ஊதும் நேரத்தில் வாசலில் போய் நிற்பது. அன்றைக்கு யாராவது வராவிட்டால் உள்ளே போவது. எல்லாரும் வந்துவிட்டால் வீட்டுக்குத் திரும்புவது. நிரந்தரம் ஆக வருஷங்கள் ஆகும். ஆனால் ஆகிவிட்டால் பி.எஃப்., கிராஜுவிட்டி, ஹார்விபட்டி மாதிரி ஒரு தொழிலாளர் குடியிருப்பு, பிள்ளைக்கு வாரிசு வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை. "மில்லில் வேலை" என்றால் பெண் கொடுக்க யோசிக்காத காலம் அது. உள்ளே ஆள் இல்லாதவனுக்கு, சாதி தள்ளி வைத்தவனுக்கு அந்த வாசல் எத்தனை காலம் மூடியே கிடந்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். பழைய நாளைப் புகழ்கிறவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது எனக்கு வருத்தமாக இருக்கும்.

அந்த வாசலைக் கொஞ்சம் அகலமாக்கியது அரசு. 1950-ல் கைவினைஞர் பயிற்சித் திட்டம், 1959-ல் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்கச் சொன்ன சட்டம், 1961-ல் அப்ரன்டிஸ் சட்டம். சிபாரிசுக்கு ஆள் இல்லாத மேலூர், உசிலம்பட்டிப் பையன்களுக்குக் கோ.புதூர் ஐ.டி.ஐ. ஒரு வழியைத் திறந்தது. இரண்டு வருஷ ஃபிட்டர் படிப்பு. முதல் மாதங்களில் அரம் ஒன்றுதான் உலகம். இரும்புத் துண்டைச் சதுரமாக ராவி, ஒன்றுக்குள் ஒன்று வெளிச்சம் தெரியாமல் பொருந்தும்படி செய்து காட்ட வேண்டும். வேலைக்கு எடுக்கும் இடத்திலும் அதுதான் பரீட்சை: ஒரு துண்டு, ஒரு அரம், சில மணி நேரம். செய்து முடித்த துண்டை ஃபோர்மேன் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். வேறு கேள்வி அதிகம் கிடையாது. புதூரில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு, கடிதம் வருமா என்று தபால்காரரைப் பார்த்திருந்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. காலியிடத்தைத் தெரிவிக்க வேண்டும் என்றுதான் அந்தச் சட்டம் முதலாளிக்குச் சொன்னது. அங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அந்தக் கடிதம் பலருக்கு வராமலே போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

மதுரை மெஷின்களைப் பழுது பார்த்தே அவற்றைக் கட்டக் கற்ற ஊர். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் நின்றபோது, டி.வி.எஸ். நிறுவனம் கரியிலிருந்து வாயு எடுத்து வண்டி ஓட்டும் கேஸ் பிளான்ட்டைச் செய்து விற்றது. சுதந்திரத்துக்குப் பின் இறக்குமதி சுருங்கியது. உடைந்த பல்சக்கரம் சீமையிலிருந்து வரும் வரை ஆலை காத்திருக்க முடியாது. சிம்மக்கல் பக்கம் ஒர்க் ஷாப் ரோடும், ஜெய்ஹிந்த்புரத்து லேத் பட்டறைகளும் இந்த மாதிரி அவசரங்களில்தான் பிழைத்தன. அச்சு எடுத்து வார்த்து, கடைசல் பிடித்து, பல் வெட்டி, மறுநாள் ஷிஃப்டுக்குள் கொடுப்பார்கள். ஆனால் முழு நூற்பு மெஷினையும் செய்யும் தொழில் கோயம்புத்தூருக்குப் போய்விட்டது. 1962-ல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் அங்கே தொடங்கியபின் கெட்டிக்காரக் கைகள் பல அந்தத் திசையில் பஸ் ஏறின. கொச்சடையில் ஃபென்னரும் சுந்தரம் இண்டஸ்ட்ரீஸும், பிறகு வெள்ளரிப்பட்டியில் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா டயர் ஆலையும் ஆள் எடுத்தன. நல்ல வேலைகள்தான். ஆனால் அங்கே வேண்டியிருந்தது பெரும்பாலும் மெஷினை ஓட்டவும் பராமரிக்கவும் தெரிந்தவர்கள்.

இன்றைக்கு வருகிறேன். பஞ்சாலைகள் பல மூடிவிட்டன. நூற்பு வேடசந்தூர்ப் பக்கம், ராஜபாளையம் பக்கம் என்று வெளியே வளர்ந்தது. மேஸ்திரி இருந்த இடத்தில் ஒப்பந்தக்காரர் இருக்கிறார். வேலை பற்றிய சேதி போனில் வருகிறது: வாட்ஸ்அப் குழு, அரசின் தனியார் துறை வேலை இணையதளம், கல்லூரி மைதானத்தில் நடக்கும் வேலைவாய்ப்பு முகாம். சிபாரிசு இல்லாமல் ஒரு பையன் ஒரே நாளில் பத்துக் கம்பெனி மேஜைக்கு முன் உட்காரலாம். அவனுடைய தாத்தா கனவிலும் காணாத வசதி இது. இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் முகாமில் கையில் கிடைக்கும் தாளில் ஊர் ஓசூர் என்றோ ஸ்ரீபெரும்புதூர் என்றோ இருக்கும். வேலை, ஒரு லைனில் நின்று நாளெல்லாம் ஒரே திருகை முடுக்குவது. ஒப்பந்தம் முடிந்ததும் அடுத்த முகாம். மூன்று கம்பெனி மாறியும் ஒரு மெஷினை முழுதாகக் கழற்றிப் பார்த்திராத ஃபிட்டர்கள் இருக்கிறார்கள். குற்றம் அவர்களுடையதல்ல.

அதே நேரத்தில் கப்பலூரிலும் புதூரிலும் சிட்கோ பேட்டைகளில், நகரத்துச் சந்துகளில், சின்னப் பட்டறைகள் முழு மெஷினே செய்கின்றன. அப்பளம் தேய்க்க, கடலை உடைக்க, ரப்பர் பாகம் அழுத்த, பொட்டலம் கட்ட என்று வாடிக்கையாளர் கேட்டபடி ஒவ்வொன்றும் ஒரே ஒரு மெஷின். சட்டத்துக்கான தகட்டை லேசர் கட்டிங்கில் வெட்டி வாங்குகிறார்கள், தண்டை சி.என்.சி.யில் கடைசல் பிடிக்கிறார்கள். சிலிண்டர், சென்சார், சர்வோ மோட்டார் எல்லாம் பார்சலில் வருகின்றன. சேர்த்துக் கட்டுகிறவர் முன்பு இரும்பை மட்டும் அறிந்தால் போதுமாக இருந்தது. இப்போது காற்றழுத்தம், வயரிங், மெஷினை இயக்கும் பி.எல்.சி. புரோகிராம் மூன்றும் தெரிய வேண்டும். இரும்பும் மின்சாரமும் இரண்டும் கை வந்தவரை எந்தப் பட்டறையும் விடுவதில்லை. அப்படிப்பட்டவர் வேலை தேடி அலைவதை நான் பார்த்ததில்லை. தேடி வருவது முதலாளிதான். ரசமட்டமும் போய்விடவில்லை. சட்டம் மட்டமாக இல்லாவிட்டால் எத்தனை விலை கொடுத்து வாங்கிய சர்வோவும் அதிரத்தான் செய்யும்.

அந்த ஆளாக ஆவது எங்கே என்பதுதான் சிக்கல். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜிஸ் துணையோடு நவீன எந்திரங்கள் வைத்துப் புதுப்பித்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் மெஷின் கட்டுவது ஒரு மெஷினோடு ஆரம்பம் முதல் கடைசி வரை கூட இருந்தால்தான் வரும்: முதல் ஓட்டத்தில் ஏன் சிக்கியது, எந்த ஷிம் தகடு போட்டால் சரியானது, எந்த சென்சார் தூசியில் பொய் சொன்னது என்று. அதைக் கற்றுத்தருவது மூன்று பேர், நான்கு பேர் வேலை செய்யும் பட்டறைகள். அப்ரன்டிஸ் விதிகள்படி 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரன்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும். 4 முதல் 29 பேர் உள்ளவை விரும்பினால் எடுக்கலாம். மூன்று பேர் பட்டறைக்கு அந்த வழியும் இல்லை. அங்கே மூன்று வருஷம் கற்ற பையனுக்கு எந்தச் சான்றும் கிடையாது. பெரிய கம்பெனி வாசலில் அவன் மறுபடி உதவியாள்தான்.

பல முதலாளிகள் ஒன்று சேர்ந்து, அப்ரன்டிஸ்களைத் தங்கள் இடங்களுக்குள் மாற்றி மாற்றி அனுப்பிப் பழக்கலாம் என்று அப்ரன்டிஸ் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. மதுரைச் சிறுதொழில் சங்கமான மடீட்சியாவும் புதூர் ஐ.டி.ஐ.யும் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் போதும். ஒரு பையன் ஆறு மாதம் ஜெய்ஹிந்த்புரத்தில் கடைசல், ஆறு மாதம் கப்பலூரில் அசெம்பிளி, ஆறு மாதம் பேனல் வயரிங் என்று சுற்றி வரலாம். சட்டம் எண்ணிக்கையில் தள்ளும் மூன்று பேர் பட்டறையைக் கூட்டாகச் சேர்த்துக்கொள்ள விதியைக் கொஞ்சம் இளக்கினால், ஒர்க் ஷாப் ரோட்டில் வயதாகிக்கொண்டிருக்கும் கைகளுக்குப் பக்கத்தில் நிற்கவும் ஆள் கிடைக்கும். இதைக் கேட்டு எழுதுவதற்கு இதுவே நேரம். அந்தக் கைகள் ஓய்வு பெற்றுக்கொண்டே இருக்கின்றன.