கடலை விழுதுக்கு வழிகாட்டும் புவி ஈர்ப்பு

நிலக்கடலை மேலே பூக்கிறது, மண்ணுக்குள் காய்க்கிறது. பூ கருவுற்ற சில நாட்களில் அதன் அடியிலிருந்து ஊசி போன்ற விழுது கிளம்பித் தரையை நோக்கி இறங்குகிறது. அதற்குத் திசை காட்டுவது பூமியின் ஈர்ப்பு விசை.

எல்லாப் பொருள்களும் ஒன்றையொன்று இழுக்கின்றன என்று நியூட்டன் 1687-ல் விளக்கினார். பொருள் தன்னைச் சுற்றியுள்ள வெளியையும் காலத்தையும் வளைப்பதே இந்த இழுப்பாகத் தெரிகிறது என்று 1915-ல் ஐன்ஸ்டீன் காரணம் கூறினார். பூமி மிகப் பெரியதாகையால் அதன் இழுப்பை எல்லா உயிர்களும் உணர்கின்றன.

செடி அறிவது எப்படி?

விதையை எப்படி ஊன்றினாலும் வேர் கீழேயும் முளை மேலேயும் செல்லும். இதன் காரணத்தை அறிய இங்கிலாந்தில் தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்பவர் 1806-ல் ஒரு சோதனை செய்தார். ஓடை நீரால் நிமிடத்துக்கு 150 முறை சுழலும் சக்கரத்தில் அவரை விதைகளைக் கட்டி முளைக்க வைத்தார். சுழற்சி வெளிப்பக்கம் தள்ளியதால் வேர்கள் வெளிநோக்கியும், முளைகள் சக்கரத்தின் நடுவை நோக்கியும் வளர்ந்தன. விதைக்குத் திசை காட்டுவது விசையே என்பது தெளிவாயிற்று.

வேர் நுனியின் உயிரணுக்களில் கனமான மாவுத் துகள்கள் உள்ளன. இவை கீழ்ப்பக்கம் படிய, வளர்ச்சி ஊக்கியும் அந்தப் பக்கம் சேர்கிறது. அதனால் வேர் கீழே வளைகிறது. தண்டு மேலே நிமிர்கிறது. சாய்ந்த இளம் நெற்பயிர் மீண்டும் எழுவதும் இப்படித்தான். கடலை விழுதிலும் இத்தகைய மாவுத் துகள்கள் உண்டு.

ஈர்ப்பு இல்லாவிட்டால்?

மழை விழாது, வாய்க்காலில் நீர் ஓடாது, காற்று மண்டலமே பூமியை விட்டு அகன்றுவிடும். சர்வதேச விண்வெளி நிலையம் பூமியைச் சுற்றி விழுந்துகொண்டே இருப்பதால் அங்கு எடை உணரப்படுவதில்லை. அங்கே வளர்த்த கீரையை வீரர்கள் 2015-ல் உண்டனர். ஆனால் விட்ட நீர் கீழே வடியாமல் வேரைச் சுற்றி ஒட்டிக்கொள்வதால், நீர் தேங்கிய வயலைப் போல வேருக்குக் காற்றோட்டம் குறைகிறது.

வயலில் செய்ய வேண்டியது

விழுது மண்ணில் புதைந்து இருட்டில் இருந்தால்தான் காய் பிடிக்கும். மண்ணை எட்டாத விழுதுகள் வாடி வீணாகும். ஆகவே இறவைக் கடலையில், விதைத்த 40 முதல் 45-ம் நாளுக்குள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு, செடியைச் சுற்றி மண் அணைக்க வேண்டும். ஜிப்சத்திலுள்ள சுண்ணாம்புச் சத்தை விழுதும் இளங்காயும் மண்ணிலிருந்து நேராக உறிஞ்சுகின்றன. இச்சத்து குறைந்தால் பொக்குக் காய்கள் மிகும்.

மேல்மண் காய்ந்து இறுகிவிட்டால் விழுது உள்ளே நுழையாது. எனவே விழுது இறங்கும் சமயத்தில் ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மண் அணைத்த பிறகு களைக்கொத்தால் மண்ணைக் கிளறக் கூடாது. கிளறினால் இறங்கிய விழுதுகள் அறுந்து மகசூல் குறையும்.