பிஎச்பியின் சொந்த ஃபங்ஷன்களுக்கு வகை எழுதிய வேலை

பிஎச்பி மொழியில் ஒரு ஸ்டிரிங்கின் நீளத்தை அளக்க 'ஸ்டர்லென்' என்றொரு ஃபங்ஷன் உண்டு. தவறிப்போய் அதனிடம் ஒரு அரேயைக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? கண்டிப்பு முறையைத் தனியாக இயக்காதவரை, 7-ஆம் வரிசைப் பதிப்புகளில் ஒரு வார்னிங் வரும், விடையாக 'நல்' என்ற வெற்று மதிப்பு கிடைக்கும், நிரல் தன்பாட்டுக்கு ஓடும். அந்த நல் எங்கெங்கோ போய், சம்பந்தமே இல்லாத வேறொரு கோப்பில் கணக்கைக் கெடுக்கும். 2020 நவம்பரில் வெளிவந்த 8.0 பதிப்பில் அதே வரி 'டைப்எரர்' காட்டி அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.

ஒரு ஃபங்ஷன் எதை வாங்கும், எதைத் திருப்பித் தரும் என்பதை அறிவிப்பிலேயே எழுதிவைப்பதுதான் வகை அறிவிப்பு. 2015 டிசம்பரில் வந்த 7.0 முதலே நிரலாளர்கள் தங்கள் ஃபங்ஷன்களுக்கு இன்ட், ஸ்டிரிங் என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் மொழியோடு கூடவே வரும் ஃபங்ஷன்கள் சி மொழியில் எழுதப்பட்டவை. அவற்றின் வகைச் சோதனை சி நிரலுக்குள்ளேயே நடந்தது, வெளியிலிருந்து கேட்டால் பெரும்பாலானவற்றுக்குப் பதில் கிடைக்காது. கையேட்டைப் புரட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பிஎச்பிஸ்டான் போன்ற சோதனைக் கருவிகளோ தங்களுக்கென்று தனிப் பட்டியல் வைத்துக்கொண்டிருந்தன.

இத்தனை காலம் ஏன் எழுதவில்லை? எழுதுவதற்கு வகைகளே போதவில்லை. 'ஸ்டர்பாஸ்' ஃபங்ஷனைப் பாருங்கள். 'சென்னை மாநகர்' என்பதில் 'சென்னை' எங்கே வருகிறது என்று கேட்டால் விடை 0, ஏனென்றால் அது முதல் இடத்திலேயே இருக்கிறது. 'மதுரை'யைத் தேடினால் விடை ஃபால்ஸ். 'இஃப்' நிபந்தனைக்கு 0, ஃபால்ஸ் இரண்டுமே 'இல்லை'தான். எத்தனையோ நிரல்கள் தடுக்கி விழுந்த இடம் இது. 'இன்ட் அல்லது ஃபால்ஸ்' என்று சொல்ல 8.0-இல் யூனியன் டைப் வந்த பிறகுதான் வழி பிறந்தது. எது வேண்டுமானாலும் வரலாம் என்று குறிக்கும் 'மிக்ஸ்டு' வகையும் அதே பதிப்பில்தான் வந்தது.

இந்த வகைகளை எழுதுவதற்காக 'ஸ்டப்' கோப்புகளில் ஒவ்வொரு ஃபங்ஷனின் அறிவிப்பும் பிஎச்பி நடையிலேயே எழுதப்பட்டது. அதைப் படித்து ஒரு ஸ்கிரிப்ட், சி நிரலுக்குத் தேவையான ஹெடர் கோப்பைத் தானே உருவாக்கும். வெளியே யார் கண்ணிலும் படாத, சலிப்பூட்டும் வேலை. அண்மைக் காலத்தில் பிஎச்பிக்கு நடந்த மிகப் பயனுள்ள வேலைகளில் ஒன்று என்று இதையே நான் சொல்வேன்.

சிக்கல் வந்தது கிளாஸ்களின் மெத்தடுகளில். ஃபங்ஷனை யாரும் மாற்றி எழுத முடியாது, மெத்தடை எழுதலாம். தாய் கிளாஸில் திரும்பு வகை இருந்து, சேய் கிளாஸில் இல்லாவிட்டால் நிரல் ஃபேட்டல் எரரோடு நின்றுவிடும். ஒரே நாளில் வகைகளைச் சேர்த்திருந்தால் உலகெங்கும் ஏராளமான பழைய நிரல்கள் படுத்திருக்கும். அதனால் 2021 நவம்பரில் வந்த 8.1 பதிப்பு அந்த வகைகளைத் 'தற்காலிகம்' என்று அறிவித்தது. பொருந்தாத மெத்தடுக்கு எச்சரிக்கை மட்டும் வரும். 'ரிட்டர்ன்டைப்வில்சேஞ்ச்' என்று ஒரு வரி சேர்த்தால் அதுவும் வராது. அந்த வரி ஹேஷ் குறியில் தொடங்குவதால், 7-ஆம் வரிசைப் பதிப்புகள் அதை வெறும் கமெண்டாக எண்ணிக் கடந்துவிடும். மிக்ஸ்டு என்று எழுதினால் பழைய பதிப்புகளுக்குப் புரியாது, எழுதாவிட்டால் புதியது எச்சரிக்கும். நடுவில் மாட்டிக்கொண்ட லைப்ரரிகளுக்கு இது அருமையான வழி. பழைய நிரலை மதித்துக்கொண்டே மாறுவது எப்படி என்பதை இங்கே பார்க்கலாம்.

8.1 இன்னொன்றும் செய்தது. ஸ்டிரிங் எதிர்பார்க்கும் உள் ஃபங்ஷனுக்கு நல் கொடுத்தால் அதை வெற்று ஸ்டிரிங்காக எடுத்துக்கொள்ளும் பழைய சலுகைக்கு விடைகொடுக்கத் தொடங்கியது. 'ட்ரிம்' போன்ற அன்றாட ஃபங்ஷன்கள் திடீரென்று எச்சரித்தபோது பராமரிப்பாளர்கள் கோபப்பட்டது நியாயம்தான். ஆனாலும் நிரலாளர் எழுதும் ஃபங்ஷனுக்கு ஒரு சட்டம், உள் ஃபங்ஷனுக்கு வேறு சட்டம் என்பது நீடிக்கக் கூடாது.

வேலை இன்னும் முடியவில்லை. கோப்பைத் திறக்கும் 'எஃப்ஓபன்' தருவது 'ரிசோர்ஸ்' என்ற பழைய மதிப்பு. அதை அறிவிக்க மொழியில் வகையே கிடையாது. இணையத் தொடர்புக்கான கர்ல், படங்களுக்கான ஜிடி ஆகியவற்றின் மதிப்புகள் 8.0-இலேயே ரிசோர்ஸிலிருந்து ஆப்ஜெக்ட்டுக்கு மாறிவிட்டன. எஃப்ஓபனின் திரும்பு வகையோ ஸ்டப் கோப்பில் இன்னும் கமெண்டாகத்தான் இருக்கிறது.